எளிய சொல்லின் கடுமை: பழைய ஆங்கில அகராதிகள் பொருள் சொன்ன விதம்

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதி 1604இல் லண்டனில் வெளிவந்தது. ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியர் தொகுத்த 'எ டேபிள் ஆல்ஃபபெட்டிகல்' என்ற அந்தச் சிறு நூலில் ஏறத்தாழ 2,500 சொற்கள் இருந்தன. எல்லாமே அருஞ்சொற்கள். லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலிருந்து வந்து ஆங்கில எழுத்தில் கலந்தவை. விவிலியத்திலும் தேவாலயப் பிரசங்கத்திலும் அவற்றை எதிர்கொண்டு பொருள் புரியாமல் நின்றவர்களுக்காக, குறிப்பாக லத்தீன் படிக்க வாய்ப்பில்லாத பெண்களுக்காக, இந்நூல் எழுதப்பட்டது. அதன் தலைப்புப் பக்கமே இதைச் சொல்கிறது. அகர வரிசையில் சொல் தேடும் பழக்கமே பரவாத காலம் அது. எந்த எழுத்தில் தொடங்கும் சொல்லை நூலின் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பதையும் காட்ரி முன்னுரையில் கற்றுத்தர வேண்டியிருந்தது.

காட்ரியின் விளக்கங்கள் மிகச் சுருக்கமானவை. ஓர் அருஞ்சொல்லுக்கு எதிரே பேச்சு வழக்கிலுள்ள இரண்டு மூன்று சொற்களை அடுக்கினால் அவர் வேலை முடிந்தது. விலங்கு, கல், கனி போன்ற பொருட்பெயர்களுக்கு அதுவும் இல்லை. 'ஒரு வகை' என்பதைக் குறிக்க ஒற்றை எழுத்தைக் குறியாக வைத்துக்கொண்டு, முதலையை ஒரு வகை விலங்கு என்ற அளவில் விட்டுவிட்டார். இதைக் குறையாகப் பார்ப்பது சரியாகாது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லால் மாற்றுவதே அன்றைய வாசகனுக்கு வேண்டியிருந்தது. ஒரு பொருளின் இயல்பை வரையறுக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் அகராதிக்குள் நுழையவில்லை.

அடுத்த நூறாண்டு இந்த அருஞ்சொல் மரபிலேயே கழிந்தது. 1616இல் ஜான் புல்லோகரின் நூலும், 1623இல் ஹென்றி காக்கரமின் நூலும் வந்தன. 'ஆங்கில அகராதி' என்ற பெயரை முதலில் சூடிக்கொண்டது காக்கரமின் நூல்தான். அதன் முதல் பகுதி கடின சொற்களுக்கு எளிய சொற்களைத் தந்தது. இரண்டாம் பகுதி எளிய சொற்களுக்குக் கடின சொற்களைத் தந்தது, நாலு பேர் முன் படித்தவராகத் தோன்ற விரும்பியவர்களுக்காக. மூன்றாம் பகுதியில் தேவதைகள், விலங்குகள், அரக்கர்கள் பற்றிய குறிப்புகள் இருந்தன. மனிதனைத் தின்ற முதலை அவன் தலையைப் பார்த்து அழும் என்பது போன்ற செவிவழிச் செய்திகளும் அங்கே பொருள்விளக்கமாக நின்றன. 1656இல் சட்டம் படித்த தாமஸ் பிளவுன்ட் 'குளோசோகிராஃபியா'வை வெளியிட்டார். சொற்பிறப்பையும் பொருள் எடுத்த மூலத்தையும் குறிக்கும் ஒழுங்கு அவரோடு வந்தது. இரண்டே ஆண்டுகளில் கவிஞர் மில்டனின் சகோதரி மகன் எட்வர்ட் பிலிப்ஸ் அந்நூலிலிருந்து பெரும்பகுதியை எடுத்துத் தன் பெயரில் ஓர் அகராதி வெளியிட, பிளவுன்ட் 1673இல் பிலிப்ஸின் பிழைகளைத் தொகுத்துத் தனி நூலே எழுதினார். ஒருவர் சொன்ன பொருளை இன்னொருவர் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொள்வது அன்றைய அகராதித் தொழிலில் வழக்கம். பழைய விளக்கம் ஒன்றைப் படிப்பவர், அது எழுதப்பட்ட ஆண்டுக்கும் அச்சான ஆண்டுக்கும் இடையே பல பத்தாண்டுகள் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

1702இல் வந்த ஓர் அகராதி பாதையை மாற்றியது. அதைத் தொகுத்தவர் ஜான் கெர்சி என்று கருதப்படுகிறது. அன்றாடச் சொற்களை அது முதன்முறையாகப் பெருமளவில் சேர்த்தது. சேர்த்த பிறகுதான் சிக்கல் வெளிப்பட்டது. எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு என்ன பொருள் எழுதுவது? யானைக்கு எதிரே விலங்கு என்று எழுதப்பட்டது. மேலாடைக்கு மேல் கட்டும் ஏப்ரனுக்குப் பெண்கள் முதலானோருக்கு உரியது என்ற அளவில் ஒரு குறிப்பு. 1721இல் நேதன் பெய்லியின் சொற்பிறப்பியல் அகராதி வந்தது. ஏறத்தாழ 40,000 சொற்கள் கொண்ட அது அந்த நூற்றாண்டில் மிக அதிகம் விற்ற அகராதிகளுள் ஒன்று. நாய், பூனை போன்றவற்றை அனைவரும் அறிந்த பிராணி என்று சொல்லி அதுவும் கடந்துபோனது. எழுத்துக்கூட்டலையும் சொல்லின் பிறப்பையும் தேடி வந்தவருக்கு அது போதுமானதாகவே இருந்தது. பழைய அகராதிகளைக் கேலி செய்யும் தொகுப்புகளில் இத்தகைய பதிவுகள் முதலிடம் பிடிப்பது நியாயமில்லை. அறிந்த பொருளை விளக்க முற்படாமல் விட்டவர்கள், அந்த வேலை எவ்வளவு கடினம் என்பதை உணர்ந்திருந்தார்கள் என்றும் அதைப் படிக்கலாம்.

அந்த வேலையை முழுமையாக ஏற்றுக்கொண்டவர் சாமுவேல் ஜான்சன். லண்டன் புத்தக வணிகர்கள் சிலர் சேர்ந்து 1746 ஜூனில் அவருடன் ஒப்பந்தம் செய்தார்கள். தொகை 1,575 பவுண்டு. உதவியாளர் கூலியும் அதற்குள் அடக்கம். மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் என்று ஜான்சன் நம்பினார். நூல் வெளிவந்தது 1755 ஏப்ரல் 15 அன்று. இரண்டு பெருந்தொகுதிகள், 42,773 தலைச்சொற்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். லண்டன் காஃப் சதுக்கத்து வீட்டின் மாடியறையில் ஆறு உதவியாளர்களோடு அந்த வேலை நடந்தது. ஜான்சன் நூல்களைப் படித்து, தேவையான வரிகளைப் பென்சிலால் குறிப்பார். எந்தச் சொல்லுக்கான வரி என்பதை ஓரத்தில் அச்சொல்லின் முதல் எழுத்தால் காட்டுவார். உதவியாளர்கள் அவற்றைச் சீட்டுகளில் படியெடுப்பார்கள். முன்பே இருந்த அகராதிகளைப் பார்த்துச் சொற்பட்டியல் தயாரிக்கும் பழைய வழக்கத்தைவிட இது அடிப்படையில் வேறானது. சொல் எழுத்தாளர்களிடம் எப்படி வாழ்ந்தது என்பதைப் பார்த்த பிறகு பொருள் எழுதும் முறை ஆங்கிலத்தில் இப்படித்தான் வேரூன்றியது.

ஜான்சன் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது அவருடைய விருப்புவெறுப்புகள் தெரியும் சில பதிவுகள். ஓட்ஸ் தானியத்தை இங்கிலாந்தில் குதிரைகளும் ஸ்காட்லாந்தில் மனிதர்களும் உண்பதாகச் சுட்டியது அதில் ஒன்று. இத்தனைக்கும் அவருடைய ஆறு உதவியாளர்களில் ஐவர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 'எக்சைஸ்' என்ற கலால் வரியை வெறுக்கத்தக்கது என்று சாடியதற்காக வரித்துறை ஆணையர்கள் அரசின் தலைமை வழக்குரைஞரிடம் கருத்துக் கேட்கும் அளவுக்குப் போனார்கள். அந்த வெறுப்புக்கு ஒரு பின்னணி உண்டு: லிச்ஃபீல்டில் புத்தகக் கடை நடத்திய ஜான்சனின் தந்தைக்கு அந்த வரித்துறையோடு வழக்கு இருந்தது. 'பென்ஷன்' என்பதற்கு, நாட்டுக்குத் துரோகம் செய்ய அரசு கூலிக்கு அமர்த்தியவர்கள் பெறும் பணம் என்ற பொருள்பட எழுதிய அவர், 1762இல் அரசிடமிருந்து ஆண்டுக்கு 300 பவுண்டு ஓய்வூதியம் பெற்றுக்கொண்டார். அதன்பின் 1773இல் வந்த நான்காம் பதிப்பிலும் அந்தப் பதிவை நீக்கவில்லை. புரவலர் என்ற பொருளுடைய 'பேட்ரன்' சொல்லில் அவர் காட்டிய கசப்புக்குப் பின்னால் செஸ்டர்ஃபீல்டு பிரபு இருக்கிறார். 1747இல் ஜான்சன் தன் திட்ட அறிக்கையை அவருக்குத்தான் சமர்ப்பித்தார். பல ஆண்டுகள் உதவாமலிருந்த பிரபு, நூல் முடியும் தறுவாயில் அதைப் புகழ்ந்து எழுத முன்வந்தார்.

இத்தகைய பதிவுகள் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் மிகச் சில. அவற்றையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவதால் ஜான்சனின் உண்மையான சாதனை மறைந்துபோகிறது. அந்தச் சாதனை எளிய வினைச்சொற்களில் இருக்கிறது. 'டேக்' என்ற ஒரு சொல்லுக்கு அவர் 134 பொருள் பிரிவுகளைக் காட்டினார். வா, போ, கொடு, வை, ஓடு, செய் என்னும் பொருளுடைய ஆங்கில வினைகள் எந்த வாக்கியத்தில் நிற்கின்றனவோ அதற்கேற்ப நிறம் மாறுபவை. அவற்றின் எல்லையை வகுப்பது தனக்குப் பெரும்பாடாக இருந்ததை அவர் முன்னுரையில் சொல்கிறார். ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எந்த இலக்கணமும் கூறுவதில்லை. மேற்கோள் சீட்டுகளை மேசையில் பரப்பி, ஒத்தவற்றை ஒரு குவியலாகவும் விலகுபவற்றை வேறு குவியலாகவும் பிரித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். இன்றும், சீட்டுக்குப் பதில் கணினித் திரை வந்த பிறகும், அகராதி அலுவலகங்களில் அந்த வேலையின் சாரம் மாறவில்லை.

பொருள் பிரிவுகளை வரிசைப்படுத்துவதிலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. சொற்பிறப்பை ஒட்டிய மூலப்பொருள் முதலில், அதிலிருந்து கிளைத்தவை அடுத்து, உருவகப் பொருள் பின்னால். திட்ட அறிக்கையில் அவரே காட்டிய எடுத்துக்காட்டு 'அரைவ்'. அதன் லத்தீன் வேரில் கரை இருக்கிறது. ஆகவே கடல்வழியே கரை சேர்வது முதற்பொருள். எந்த இடத்தையும் சென்றடைவது அடுத்தது. விரும்பியதை எய்துவது அதற்கும் அடுத்தது. இந்த வரிசையில் ஒரு சொல்லின் வரலாறே சிறு சித்திரமாக விரிகிறது. அன்று பெரும்பாலானோர் பேசியது இரண்டாம் பொருளில்தான் என்பதை வாசகர் வேறெங்காவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பது இம்முறையின் குறை. அகராதியின் முதற்பொருளே முக்கியப் பொருள் என்ற தவறான நம்பிக்கை இன்றுவரை தொடர்வதற்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

எளிய சொல்லுக்குக் கடின சொற்களால் பொருள் கூறினார் என்ற குற்றச்சாட்டு ஜான்சன் மீது உடனே எழுந்தது. வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' பதிவு இதற்குப் பெயர்போனது. சம இடைவெளிகளில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் இழைகளையும், அவற்றுக்கு நடுவிலுள்ள துளைகளையும் வடிவியல் பாடம்போல லத்தீன் வழிச் சொற்களில் விவரித்தார். வலையைப் பார்த்தவருக்கு அது தேவையில்லை. பார்க்காதவருக்கோ விளங்காது. இருமலுக்கு அவர் தந்த மருத்துவ விளக்கமும் இந்த வகைதான். ஆனால் முன்னுரையிலேயே இதற்கு அவர் பதில் வைத்திருந்தார். ஒரு மொழியின் மிக எளிய சொல்லை அதைவிட எளிய சொல்லால் விளக்க முடியாது. எளிமையும் கடுமையும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டவருக்கு லத்தீன் வழிச் சொல்லே கைகொடுக்கும். இந்த வாதத்தில் முதல் பகுதி மறுக்க முடியாதது. விளக்கும் சொற்களும் விளக்கப்பட வேண்டியவையே என்பதால் எந்த அகராதியும் இறுதியில் ஒரு வட்டத்துக்குள் சுழல்கிறது. ஜான்சன் அந்த வட்டத்தை மறைக்க முயலவில்லை. எளிய கருத்துகளை வரையறுக்க முடியாது என்று எழுதிய தத்துவவாதி ஜான் லாக்கைப் படித்தவர் அவர்.

பிழைகளும் இருந்தன. குதிரையின் குளம்புக்கு மேலுள்ள 'பாஸ்டர்ன்' பகுதியை முழங்கால் என்று எழுதினார். ஏன் இப்படி என்று ஒரு பெண்மணி கேட்டபோது அறியாமைதான் காரணம் என்று நேராக ஒப்புக்கொண்டதாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர் பாஸ்வெல் பதிவு செய்கிறார். காற்று வரும் பக்கத்துக்கும் போகும் பக்கத்துக்கும் உரிய இரண்டு கடல்வழிச் சொற்களுக்கு ஒரே பொருளைத் தந்துவிட்டார். டாரன்டுலா சிலந்தியின் கடிக்கு இசைதான் மருந்து என்று எழுதியதை அவர் பிழையாகக் கணக்கிட முடியாது. படித்தவர்களிடையே அன்று உலவிய நம்பிக்கை அது. தாவரம், மருத்துவம், சட்டம் முதலிய துறைச் சொற்களுக்கு பிலிப் மில்லரின் தோட்டக்கலை அகராதி, ஈஃப்ரயீம் சேம்பர்ஸின் கலைக்களஞ்சியம் போன்ற நூல்களிலிருந்து எடுத்து, பெரும்பாலும் பெயர் குறித்தே சேர்த்தார்.

ஜான்சன் அகராதியின் இன்றைய பயன் எங்கே இருக்கிறது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றைக் கையில் எடுத்ததும் உணரலாம். புரியாத சொல் வந்தால் வாசகர் அகராதியைத் திறப்பார். புரிந்ததுபோல் தோன்றும் சொல்லே ஏமாற்றும். 'கேண்டர்' என்பது இன்று மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லும் குணம். ஜான்சன் காலத்தில் அது இனிய சுபாவத்தையும் கள்ளமற்ற மனத்தையும் பிறரை நல்ல விதமாகவே எண்ணும் பெருந்தன்மையையும் குறித்தது. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் மூத்த சகோதரி ஜேனுக்கு இந்தக் குணம் இருப்பதாகச் சொல்லப்படும்போது, அவள் எல்லாரையும் நல்லவர்களாகவே பார்க்கிறாள் என்பதே பொருள். இன்றைய பொருளில் படித்தால் பாத்திரமே தலைகீழாகிவிடும். அதே நாவலில் மதகுரு காலின்ஸ் தன் புரவலரான சீமாட்டியின் 'காண்டிசென்ஷன்' பற்றி ஓயாமல் புகழ்வார். உயர்ந்த நிலையில் உள்ளவர் தாமே இறங்கிவந்து பழகும் பண்பு என்று ஜான்சன் பதிவு செய்த நற்பொருளில்தான் அவர் பேசுகிறார். பிறரை மட்டமாக நடத்துவது என்ற இன்றைய பொருள் பின்னால் மேலோங்கியது. ஆர்வத்தைக் குறிக்கும் 'என்தூசியாசம்' அன்று பழிச்சொல். கடவுள் தனக்கு மட்டும் நேரே வெளிப்படுகிறார் என்ற வீண் நம்பிக்கை என்றே ஜான்சன் முதற்பொருள் தந்தார். சமயப் போர்கள் ஓய்ந்து ஒரு நூற்றாண்டு ஆகியும் அந்த அச்சம் சொல்லில் தங்கியிருந்தது.

'நைஸ்' இன்னும் நீண்ட வழி வந்த சொல். லத்தீனில் அறியாதவன் என்ற பொருளில் தொடங்கி, மடமை, கூச்சம், அற்பத்துக்கும் முகம் சுளிக்கும் இயல்பு, நுட்பம் எனப் பல படிகளைக் கடந்தது. ஜான்சனிடம் அது மயிரிழை பிசகாத துல்லியம். இனிமையானது என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவி மற்றவற்றை விழுங்கிவிட்டது. 'கம்ப்யூட்டர்' என்ற பதிவும் ஜான்சனிடம் உண்டு; கணக்கிடும் மனிதர் என்ற பொருளில். இத்தகைய மாற்றங்களைத் தடுத்து மொழியை நிலைநிறுத்துவதே திட்டம் தொடங்கியபோது அவர் நோக்கமாக இருந்தது. ஒன்பது ஆண்டு உழைப்புக்குப் பின் எழுதிய முன்னுரையில் அது நடவாத காரியம் என்று அறிவித்தார். தன் நோக்கம் தவறு என்று உழைப்பே காட்டியபோது அதை மறைக்காமல் அச்சில் ஏற்றிய இந்த நேர்மை அகராதி வரலாற்றில் அரிது.

அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் ஜான்சனைக் கடுமையாக விமர்சித்துக்கொண்டே அவரிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டார். சட்டம் படித்தவர், பள்ளி ஆசிரியர், எழுத்துக்கூட்டல் பாடநூலால் புகழ்பெற்றவர். 1828இல் தன் 70ஆம் வயதில் இரண்டு தொகுதிகளாக அமெரிக்க ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ 70,000 சொற்கள். ஸ்கங்க், ஹிக்கரி, சவுடர் போன்ற அந்த மண்ணின் விலங்கு, மரம், உணவுப் பெயர்களும் அமெரிக்க அரசமைப்பின் சொற்களும் அதில் இடம்பெற்றன. அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பெரும்பாலும் பயனற்றவை. உலக மொழிகள் அனைத்தும் விவிலியம் கூறும் ஆதி மொழி ஒன்றிலிருந்து பிறந்தன என்று நம்பி, ஜெர்மானிய ஒப்பியல் அறிஞர்களின் புதிய கண்டுபிடிப்புகளைக் கண்டுகொள்ளவில்லை. அவர் இறந்தபின் 1864 பதிப்பில் கார்ல் மான் என்ற ஜெர்மானிய அறிஞர் அப்பகுதி முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது.

பொருள் வரையறுப்பதில் வெப்ஸ்டர் வேறு ஆள். ஜான்சன் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நுட்பத்தை மேற்கோள்களிடம் ஒப்படைத்தார். வெப்ஸ்டர் மேற்கோள்களைக் குறைத்து விளக்கத்தையே வளர்த்தார். ஒரு கருவியென்றால் அது எதனால் ஆனது, எப்படிப் பயன்படுகிறது, எதிலிருந்து வேறுபடுகிறது என்று முழு வாக்கியங்களில் போவார். பயிர்த்தொழிலும் நீதிமன்றமும் அவருக்குப் பழகிய இடங்கள். சமயப்பற்று மிக்கவர் என்பதால் கல்வி, திருமணம் போன்ற சொற்களில் விவிலியமும் அறவுரையும் சேர்ந்தே வரும். அங்கே வரையறை எது, போதனை எது என்று பிரிப்பது கடினம். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே, சொற்பொருள் வரையறுப்பதற்கென்றே பிறந்தவர் என்று வெப்ஸ்டரைப் பாராட்டினார். அத்துறையில் அதைவிடப் பெரிய சான்று கிடைப்பது கடினம்.

1843இல் வெப்ஸ்டர் இறந்ததும் ஜார்ஜ், சார்லஸ் மெரியம் சகோதரர்கள் உரிமையை வாங்கினார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் ஒருபொருட் பன்மொழிகளின் நுண்ணிய வேறுபாட்டை விளக்கும் பத்திகள் சேர்ந்தன. இந்த மரபின் கடைசிக் கனி 1913இல் அச்சான திருத்திய பதிப்பு. காப்புரிமை காலாவதியானதால் அதன் முழுப் பாடமும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்கக் கட்டுரையாசிரியர் ஜான் மெக்ஃபி தன் எழுத்தைத் திருத்தும்போது தெரிந்த சொற்களையே அகராதியில் தேடுவதாக எழுதியிருக்கிறார். அப்படித் தேடி அவர் எடுத்தாண்ட விளக்கங்கள் இந்தப் பழைய வெப்ஸ்டர் பதிப்பில் இருப்பவை என்பதைப் பின்னர் வாசகர் ஒருவர் கண்டறிந்தார். ஒரு சொல்லை இன்னொரு சொல்லால் மாற்றித் தரும் இன்றைய சுருக்கப் பதிவுகள் எழுத்தாளருக்கு ஏன் போதவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. பழைய விளக்கம் ஒரு சொல்லின் பொருளோடு அதன் எடையையும், அது எந்தச் சூழலில் கூசாமல் நிற்கும் என்பதையும் சேர்த்துத் தருகிறது.

இங்கிலாந்தில் 1857இல் ரிச்சர்ட் செனவிக்ஸ் டிரெஞ்ச் என்ற மதகுரு, அதுவரையிலான அகராதிகளின் குறைகளைப் பற்றி மொழியியல் கழகத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். நல்ல சொல், கெட்ட சொல் என்று தேர்ந்தெடுப்பது அகராதியின் வேலை இல்லை, இருப்பவை அனைத்தையும் பதிவு செய்வதே வேலை என்பது அவர் கருத்து. அதிலிருந்து பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1879இல் மரே பொறுப்பேற்றபோது பத்தாண்டுகளில் முடியும் என்று கணக்கிட்டார்கள். முதல் பகுதி வர 1884 ஆனது. அப்போது முடிந்திருந்தது 'ஆண்ட்' என்ற எறும்பு வரையில்தான். மரே 1915இல் காலமானார். 1928இல் பணி நிறைவடைந்தபோது 4,14,825 சொற்களும் 18 லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு பொருளும் எப்போது தோன்றியது, எப்போது வழக்கொழிந்தது என்பதை ஆண்டு குறித்த மேற்கோள் காட்டியது. ஜான்சன் சொற்பிறப்பிலிருந்து ஊகித்த வரிசையை இங்கே சான்றுகள் தீர்மானித்தன. எனினும் விளக்கம் எழுதியவர்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள். பிற நாட்டு மக்களைப் பற்றிய சொற்களில் நாகரிகமற்றவர்கள் என்ற அவர்கள் பார்வை ஒட்டிக்கொண்டது. 2000 முதல் இணையத்தில் வெளிவரும் மூன்றாம் பதிப்பு அந்த விளக்கங்களை ஒவ்வொன்றாக மாற்றி எழுதி வருகிறது.

இருபதாம் நூற்றாண்டில் விளக்கம் எழுதுவோரின் தனிக்குரல் அகராதியிலிருந்து மெல்ல வெளியேறியது. 1961இல் ஃபிலிப் கோவ் ஆசிரியராக இருந்து வெளியிட்ட வெப்ஸ்டர் மூன்றாம் பன்னாட்டு அகராதி, ஒவ்வொரு விளக்கமும் ஒரே தொடராக, முற்றுப்பெறாமல் ஓட வேண்டும் என்ற விதியை வைத்தது. கதவு போன்ற எளிய பொருளுக்கும் மூச்சு முட்டும் நீளத்தில் அடைகள் அடுக்கப்பட்டன. ஜான்சனின் வலைப்பின்னல் சிக்கல் இங்கே வேறு உருவில் திரும்பிவந்தது என்றே சொல்ல வேண்டும். கொச்சை வழக்குகளைக் கண்டிக்காமல் பதிவு செய்ததற்காக எழுந்த எதிர்ப்பு பெரிது. ரெக்ஸ் ஸ்டவுட்டின் துப்பறியும் நாவல் ஒன்றில் கதாநாயகன் அந்த அகராதியைத் தாள் தாளாகக் கிழித்து நெருப்பில் போடுகிறான். ஸ்காட்லாந்தில் வெளியான சேம்பர்ஸ் அகராதி மட்டும், எக்லேர் என்ற இனிப்புப் பண்டம் நீளமானது என்றாலும் வாயில் நெடுநேரம் நிற்காது என்று குறிப்பது போன்ற சில பழைய குறும்புகளைக் காப்பாற்றிவைத்தது.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்காக வேறொரு மரபு வளர்ந்தது. வங்காளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1935இல், 1,490 சொற்களுக்குள் எல்லா விளக்கங்களையும் எழுதிவிடும் அகராதியைத் தொகுத்தார். 1978இல் லாங்மன் அகராதி ஏறத்தாழ 2,000 சொற்களில் அதைச் செய்தது. எளிய சொல்லை எளிதாக்க முடியாது என்ற ஜான்சனின் தடையை இவர்கள் தாண்டவில்லை. அந்த இரண்டாயிரம் சொற்கள் வாசகருக்கு முன்பே தெரியும் என்று ஏற்றுக்கொண்டு சுற்றிவந்தார்கள். 1987இல் வந்த கோபில்ட் அகராதி முழு வாக்கியத்தில், ஓர் ஆசிரியர் வகுப்பில் பேசுவதுபோல, சொல்லை அதன் இயல்பான துணைச்சொற்களோடு வைத்து விளக்கியது.

பழைய விளக்கங்கள் இன்று நேரடியாக அதிகாரம் செலுத்தும் இடம் அமெரிக்க நீதிமன்றம். 1787இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தை அன்றைய பொருளில் படிக்க வேண்டும் என்று வாதிடும் நீதிபதிகளுக்கு அன்றைய அகராதி தேவைப்படுகிறது. அச்சட்டத்தின் நான்காம் பிரிவில் வரும் 'டொமஸ்டிக் வயலன்ஸ்' உள்நாட்டுக் கலகத்தைக் குறிக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை என்ற இன்றைய பொருள் அங்கே பொருந்தாது. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய 2008ஆம் ஆண்டு ஹெல்லர் வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா, ஆயுதம், வைத்திருத்தல், ஏந்துதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு ஜான்சனின் 1773 பதிப்பையும் வெப்ஸ்டரின் 1828 அகராதியையும் சான்றாகக் காட்டினார்.

இந்தப் பயன்பாடு கவனத்தோடு செய்யப்பட வேண்டியது. ஜான்சன் மேற்கோள் எடுத்த நூல்களில் பெரும்பகுதி அவர் காலத்துக்கு முந்திய நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் எழுதப்பட்டவை. அட்லாண்டிக்கின் மறுகரையில் 1787இல் ஒரு விவசாயியோ வணிகரோ பேசிய வழக்கை அவை காட்டும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு சொல்லுக்கு எந்தெந்தப் பொருள்கள் இருக்க முடியும் என்று அகராதி கூறுகிறது. குறிப்பிட்ட வாக்கியத்தில் எது என்று அது கூறுவதில்லை. இந்தக் குறையை ஈடுசெய்ய பிரிகாம் யங் பல்கலைக்கழகம் அமெரிக்கா உருவான காலத்துக் கடிதங்கள், செய்தித்தாள்கள், சட்ட ஆவணங்களைத் திரட்டி மின்தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. அதில் தேடிய மொழியியலாளர்கள், ஆயுதம் ஏந்துதல் என்ற தொடர் அக்காலத்தில் பெரும்பாலும் படைப் பணியைக் குறித்தே வந்திருப்பதைக் கண்டார்கள். இரண்டு சொற்களின் பொருளைத் தனித்தனியே பார்த்துக் கூட்டினால் அந்தத் தொடரின் பொருள் வந்துவிடாது. எளிய வினையோடு சிறு சொல் ஒன்று சேரும்போது இரண்டிலும் இல்லாத பொருள் பிறப்பதையும், அயலார் ஆங்கிலத்தில் அதிகம் இடறும் இடம் அதுவே என்பதையும் ஜான்சன் 1755 முன்னுரையிலேயே குறித்து, அத்தகைய சேர்க்கைகளைத் தான் சிரமப்பட்டுத் திரட்டியதாகவும் எழுதியிருக்கிறார்.